மிஸ்டரி பேஷண்ட் டிரில்: "மர்ம நோயாளி" வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம். தொற்றுநோயோட ஒருத்தர் வந்தா ஆஸ்பத்திரி எப்படி சமாளிக்குதுன்னு பாக்க, நோயாளி மாதிரி நடிக்கிற ஆள அனுப்பி சோதிக்கிற "மிஸ்டரி பேஷண்ட் டிரில்"லுக்கும் அதச் சேர்ந்த மத்த சொல்லுக்கும் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு பேசிட்டிருக்கோம், அதுல வந்த ஒரு யோசனை இது:

> மர்ம நோயாளி ஒத்திகைன்னே வச்சிடலாம், கேட்டவுடனே புரியுது

ஐயா, இதுல மட்டும் என்னால ஒத்துப்போக முடியல, கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்குங்க. "மர்ம நோய்"னு ஒரு வழக்கு தமிழ்ல ஏற்கனவே ஓடிட்டிருக்கு, காரணம் தெரியாத காய்ச்சல் எங்க பரவினாலும் பேப்பர்ல அப்படித்தான் தலைப்பு போடுறாங்க. அதனால மர்ம நோயாளின்னா மர்ம நோய் வந்த ஆளுன்னுதான் பிரிச்சுப் படிப்பாங்க. நாம சொல்ல வர்றது நேர் எதிர். என்ன நோய்னு ஒத்திகை நடத்துறவங்களுக்கு முன்னாடியே தெரியும், வர்ற ஆளுக்கு நோயே கிடையாது.

இந்த ஒத்திகைல என்ன நடக்குதுன்னு பாத்துட்டு பேர் வைக்கலாம். காய்ச்சல்னு சொல்லிக்கிட்டு, தேவைப்பட்டா முகத்துல சிவப்புத் தடிப்பு மாதிரி மேக்கப் போட்டுக்கிட்டு, ஒருத்தர் எமர்ஜென்சி வாசல்ல வந்து நிக்கிறார். டூட்டில இருக்கிறவங்களுக்குத் தெரியாது, நிர்வாகத்துல ரெண்டு மூணு பேருக்கு மட்டும் தெரியும். மாஸ்க் எத்தன நிமிஷத்துல குடுத்தாங்க, வெளியூர் போய்ட்டு வந்தீங்களான்னு கேட்டாங்களா, தனி ரூமுக்கு எப்ப கூட்டிட்டுப் போனாங்க, இதையெல்லாம் ஒருத்தர் ஓரமா நின்னு கடிகாரம் வச்சு குறிச்சுக்குவார். ஊசி குத்துற நிலைமை வர்றதுக்கு முன்னாடி "இது ஒத்திகை"ன்னு சொல்லி நிறுத்திடணும்.

நியூயார்க் நகரத்துல 2015 டிசம்பர்லருந்து 2016 மே வரைக்கும் 49 ஆஸ்பத்திரில இப்படி 95 ஒத்திகை நடத்தினாங்க, பாதிக்கு கொஞ்சம் கம்மியா தட்டம்மை, மிச்சம் மெர்ஸ்ங்கிற சுவாசத் தொற்று. 78 சதவீதத்துல மாஸ்க் போட்டு தனிமைப்படுத்திட்டாங்க, இடைநிலை கணக்குல (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற அளவு) மாஸ்குக்கு ஒன்றரை நிமிஷம், தனி ரூமுக்கு எட்டரை நிமிஷம். மிச்ச 22 சதவீதத்த யோசிச்சுப் பாருங்க. தட்டம்மை உள்ள ஆள் எழுந்து போன பிறகும் அந்தக் காத்துல கிருமி 2 மணி நேரம் வரைக்கும் இருக்கும், அந்த வெயிட்டிங் ஹால்ல கைக்குழந்தையோட உக்காந்திருக்கிறவங்க யாரும் ஒத்திகைக்கு வந்தவங்க இல்ல. அதனாலதான் இந்தச் சொல்லு தப்பா விழக்கூடாதுன்னு இவ்வளவு கெஞ்சுறேன்.

அக்கா சொன்ன "போலி நோயாளி"யும் எனக்கு உறுத்துது. போலி டாக்டர், போலி பத்திரம், எல்லாமே ஏமாத்து வேலை. நேத்து வந்தது போலி நோயாளின்னு ஒரு நர்ஸ் கிட்ட சொன்னா தன்னை மாட்டிவிட வந்த ஆளுன்னுதான் தோணும், அப்புறம் ஒத்திகை முடிஞ்சு எல்லாரும் உக்காந்து எங்க தவறினோம்னு பேசுற நேரத்துல யாரும் வாயே திறக்க மாட்டாங்க.

என்னோட பரிந்துரை "வேட நோயாளி". வேடம்னா நமக்கு கூத்தும் ஞாபகம் வரும், ராஜா மாறுவேஷத்துல நகர்சோதனை போற கதையும் ஞாபகம் வரும், அதுல வஞ்சகம் இல்ல, ஊர் நல்லாருக்கான்னு பாக்குற அக்கறைதான் இருக்கு. "மாறுவேட நோயாளி"ன்னும் யோசிச்சேன், ஆனா அது நிஜ நோயாளி ஒருத்தர் வேஷம் மாத்திட்டு வந்த மாதிரி ஆயிடுது. வேடன்னு குழப்பம் வருமோன்னு சிலர் கேக்கலாம், வேடதாரின்னா யாரும் வேட்டைக்காரன்னு படிக்கிறதில்லயே.

"ஒத்திகை"யையும் எல்லாத்துக்கும் போட்டு இழுக்காம இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தோட 2017 கையேட்டுல மேசையச் சுத்தி உக்காந்து பேசுறது தனி, ஒரே ஒரு வேலைய செஞ்சு பாக்குற டிரில் தனி, முழு அளவுல களத்துல நடத்துறது தனி. டிரில்லுக்கு மட்டும் ஒத்திகை இருக்கட்டும், இந்த மாதிரி சிமுலேஷன் பயிற்சி மொத்தத்துக்கும் "பாவனைப் பயிற்சி"ன்னு பொதுப்பேர் வைப்போம்.

டாஃபிங்குக்கு, அதாவது பாதுகாப்பு உடைய கழட்டுறதுக்கு, "கழற்றல்" போதும்னு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. எனக்கு "களைதல்" பிடிச்சிருக்கு. பாதுகாப்பு உடைய போடுறதவிட எடுக்கும்போதுதான் கிருமி ஒட்டுற ஆபத்து அதிகம், கையுறைய மணிக்கட்டுகிட்ட வெளிப்பக்கமா பிடிச்சு உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உரிச்சு, அடுத்த கையுறைக்கு உள்ள வெறும் விரல விட்டு உரிச்சு, அந்தந்த கட்டத்துல கை சுத்தம் பண்ணி, பக்கத்துல ஒருத்தர் ஒவ்வொரு படியா சத்தமா வாசிக்க வாசிக்க செய்றது. செருப்ப கழட்டுற மாதிரி செய்ற வேலை இல்ல அது. ஆனா வார்டுல வாய்க்கு வர்றது கழற்றல்தான்னு அங்க வேலை பாக்குறவங்க சொன்னா நான் விட்டுக்குடுத்துடுறேன், வேட நோயாளிய மட்டும் விட மனசில்ல.