பிள்ளைகள் வளர்த்த காயைத் தெருவுக்கு எப்படிப் பங்கு வைப்பது?

கீரைப்பாத்தி, கன்னங்குறிச்சி:
வணக்கம். எங்கள் தெருக்கோடியில் சும்மா கிடந்த 5 சென்ட் இடத்தை உரிமையாளரிடம் கேட்டு, முள்ளை வெட்டி, ஆடிப்பட்டத்தில் தோட்டம் போட்டோம். ஞாயிறு காலையில் தெருப்பிள்ளைகள் வருவார்கள், பாத்தி கட்டுவது, விதை ஊன்றுவது, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பது எல்லாம் அவர்கள்தான். வெண்டை, சிறுகீரை, அரைக்கீரை, வேலியோரம் அவரை. விளைவதில் பாதி பிள்ளைகளுக்கு, பாதி அக்கம்பக்கத்துக்கு என்று பேச்சு. இப்போது புரட்டாசியில் வெண்டை காய்க்கிறது, பிள்ளைகள் பங்கு போக ஒரு பறிப்புக்கு மூன்று கிலோ மிஞ்சுகிறது, வீடோ 42. ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத ஒரு வீட்டுக்காரர் போன வாரம் விடியலில் வந்து பை நிறையப் பறித்துப் போய்விட்டார். தினமும் தண்ணீர் ஊற்றுகிற பெண் பிள்ளை வெறும் செடியைப் பார்த்து அழுதுவிட்டாள். வேலைக்கு வந்தால்தான் காய் என்று சொல்லிவிடலாமா? மனசு ஒப்பவில்லை.

மலைமிளகு, ஏற்காடு:
சொல்லாதீர்கள். படுத்த படுக்கையாக இருக்கிற பாட்டி எப்படிக் களை எடுக்க வருவார்? இங்கே சௌசௌ பந்தலில் ஏறிவிட்டால் தின்று தீராது, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போதே முளைவிட்ட காய் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்போம், அதை அப்படியே நட்டால் அடுத்த வருஷம் அவர்கள் வீட்டிலும் பந்தல். உங்கள் சேலத்து வெயிலுக்கு அது சரிப்படாது, ஆனால் கத்தரி நாற்று விட்டு வீட்டுக்கு நாலு கொடுக்கலாமே. காய்க்கு மட்டும்தான் பங்கு என்று ஏன் நினைக்க வேண்டும்?

தறிவீடு, அம்மாப்பேட்டை:
நாற்று சரி, ஆனால் இன்றைக்குப் பறிக்கிற வெண்டைக்கு ஒரு வழி வேண்டுமே. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றி நாராகிவிடும். அதையே முறையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பறிப்புக்கு 6 வீடு, வீட்டுக்கு அரைக் கிலோ, 14 நாளில் 42 வீடும் ஒரு சுற்று முடிந்துவிடும். யாருக்கு எந்த நாள் என்று பலகையில் எழுதிப் போடுங்கள். கீரையை மொத்தமாக விதைத்துவிட்டீர்களா? சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடுவோம், அதனால் வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால்தான் தொடர்ந்து வரும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், அது அவசரத்துக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு.

முக்கியமாக, யாரையும் தோட்டத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள், பிள்ளைகளே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பறித்துப் போனாரே, அவர் வீட்டுக்கும் முறை வரும்போது அந்தத் தண்ணீர் ஊற்றுகிற பிள்ளையே போய்க் கதவைத் தட்டட்டும். அதற்கப்புறம் விடியலில் பையோடு வர அவருக்குக் கை வராது.

வேலிக்கால், சூரமங்கலம்:
தறிவீடு அக்கா சொல்வது நல்ல யோசனைதான், ஆனாலும் ஒரு படல் கட்டிச் சாத்தி வையுங்கள். எங்கள் தெருவில் திறந்தே கிடந்த தோட்டம், பிஞ்சிலேயே பறித்துப் பறித்து ஒரே பருவத்தில் நின்றுபோனது. மனிதர்களை விடுங்கள், ஆடு ஒன்று போதும். விதை, பயிற்சி எது வேண்டுமென்றாலும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கீரைப்பாத்தி:
எல்லோருக்கும் நன்றி. படல் இந்த ஞாயிறே கட்டுகிறோம். 6 வீட்டுக் கணக்கைப் பிள்ளைகளிடம் சொன்னேன், பலகை எழுத இப்போதே போட்டி. அவரை மார்கழியில்தான் காய்க்கும் என்கிறார்கள், அதற்குள் முறை பழகிவிடும். படுக்கையில் இருக்கிற பாட்டி எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார், முதல் நாள் முதல் வீடு அவருடையதுதான்.