மேட்டுத்தோட்டம் குடும்பம்: பெரியப்பாவுக்கு எந்த பிக்கப்?

*வெள்ளி, இரவு*

பெரியப்பா: எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். போடிக்கும் சாந்தன்பாறைத் தோட்டத்துக்கும் போய்வர டபுள் கேபின் பிக்கப் ஒன்று வேண்டும். ஓட்டினவர்கள் மட்டும் சொல்லுங்கள். யூடியூப் லிங்க் யாரும் அனுப்ப வேண்டாம்.

தம்பி: ஃபோர்டு ரேஞ்சர் பெரியப்பா!!

பெரியண்ணன் (பெரியப்பாவின் மகன்): இந்தியாவில் அது விற்பனைக்கே இல்லை. அடுத்த ஆள்.

தம்பி: வரும்னு சொல்றாங்களே

பெரியண்ணன்: வரட்டும். ஏலக்காய் அதுவரைக்கும் செடியில் நிற்காது.

நான்: ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஜெனான் எல்லாம் நின்றுபோய்விட்டன. ஆள், சரக்கு இரண்டும் ஏற்றி மலையும் ஏறுகிற வண்டிகளில் நம் வீட்டில் ஓட்டினவர்கள் இருப்பது இரண்டுக்குத்தான் பெரியப்பா. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ். அண்ணன் ஒன்று வைத்திருக்கிறார், கோவை மாமா இன்னொன்று.

கோவை மாமா: மச்சான், யோசிக்கவே வேண்டாம். ஹைலக்ஸ். ஃபார்ச்சூனரில் இருக்கிற அதே 2.8 லிட்டர் இன்ஜின், 204 குதிரை. மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை), ஆட்டோமேட்டிக்கில் 500. மலையில் கால் வைத்தால் போதும்.

பெரியண்ணன்: மாமா, வி-கிராஸில் 1.9 லிட்டர், 163 குதிரை, 360 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். விலையையும் சொல்லுங்கள்.

கோவை மாமா: 2022-ல் வந்தபோது 33.99 லட்சத்தில் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே ஸ்டாண்டர்டு மாடலை 30.40-க்கு இறக்கினார்கள். ஷோரூம் விலைதான், ரோடு டாக்ஸ் தனி.

அப்பா (என் அப்பா): ரோடு டாக்ஸ் தனி என்பதை மாப்பிள்ளை எவ்வளவு மெதுவாகச் சொல்கிறார் பாருங்கள்.

கோவை மாமா: விற்கும்போது திரும்பி வரும் மச்சான். டொயோட்டாவுக்கு ரீசேல் எப்படி என்று ஊருக்கே தெரியும்.

பெரியம்மா: இவர் எந்த வண்டியை விற்றிருக்கிறார்? எல்லாம் ஷெட்டிலேயேதான் கிடக்கிறது.

பெரியண்ணன்: 😂

பெரியப்பா: சரி சரி. மலையைச் சொல்லுங்கள்.

பெரியண்ணன்: நானே சொல்கிறேன் அப்பா. அடிவாரம் முந்தலில் இருந்து மேலே போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. வி-கிராஸ் இன்ஜினுக்கு முழு இழுவை கிடைப்பது 2000-லிருந்து 2500 ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்று) வரைக்கும்தான். வளைவில் எதிரே பஸ் வந்து நின்று எடுத்தால் செகண்ட் கியர் தூங்கும், ஃபர்ஸ்டுக்கு வந்தே ஆக வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு, வளைவுக்கு முன்பே கியரை இறக்கி ஓட்டினால் தொந்தரவு இல்லை. தெரியாதவர்கள் ஓட்டினால் இன்ஜின் மேல் பழி போடுவார்கள்.

கோவை மாமா: ஹைலக்ஸ் மேனுவலில் 1400-லேயே முழு டார்க் வந்துவிடும். செகண்டிலேயே சுற்றி ஏறும்.

பெரியண்ணன்: உண்மைதான், மறுக்கவில்லை.

அத்தை: அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். ஜீப்பை என்ன செய்யப் போகிறீர்கள்?

பெரியப்பா: ஜீப்பு எங்கேயும் போகாது. ஏன்?

அத்தை: காலையில் ஆட்களை ஏற்றி வருவது ஜீப்புதானே? தோட்டத்துக்குள்ளே கல் ரோட்டில் பச்சைக்காய் மூட்டையைக் காய வைக்கிற ஸ்டோருக்குக் கொண்டு வருவதும் ஜீப்பு. அப்புறம் இந்தப் புது வண்டிக்கு அங்கே என்ன வேலை?

பெரியப்பா: உரம் மேலே ஏற்ற வேண்டும். காய்ந்த காயை ஏலத்துக்குக் கீழே கொண்டு வர வேண்டும். பம்ப் செட்டு, ஓஸ், டீசல் கேன். உங்கள் அண்ணி, நான், அப்பப்போ கணக்குப்பிள்ளை.

அத்தை: அப்படியானால் முக்கால்வாசி நேரம் தார் ரோடு. கடைசி கொஞ்சம் தூரம்தான் மண்.

நான்: அத்தை சொல்வதுதான் சரியான கேள்வி. முக்கால்வாசி தார் ரோடு என்றால் ஃபோர் வீல் (நான்கு சக்கர இழுவை) இல்லாமலே வி-கிராஸ் குடும்பத்தில் ஹை-லேண்டர் என்று ஒன்று இருக்கிறது. இன்ஜின் அதேதான், பின் சக்கர இழுவை, லட்சக்கணக்கில் குறையும்.

பெரியண்ணன்: நீ சென்னையில் உட்கார்ந்து சொல்லாதே. பிக்கப் காலியாக இருக்கும்போது பின்பக்கம் எடையே கிடையாது. ஆனி ஆடியில் சாந்தன்பாறை மண் ரோட்டில் பின் சக்கரம் மட்டும் இழுத்தால் கேட்டுப் பக்கம்கூட போகாது. அந்தக் கடைசி கொஞ்சத்துக்குத்தான் ஃபோர் வீல். மழை நாளில் அது இல்லை என்றால் வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான்.

அப்பா: இன்னொன்று. உரத்தை எண்ணி ஏற்றுங்கள். ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையில் ஆளும் சேரும். பார்க்கப் பெரிய வண்டி என்று ஒரு டன் ஏற்ற முடியாது. அதற்கு பொலேரோ பிக்கப்தான், அதில் 1.7 டன் வரைக்கும் மாடல் இருக்கிறது.

பெரியப்பா: ஒரு டன் உரத்துக்கு லாரி சொல்லிவிடுவேன். அவசரத்துக்கு ஆறு மூட்டை.

பெரியண்ணன்: அப்பா, இதில் வேலையாட்களைப் பின்னால் ஏற்ற முடியாது, தெரியும்தானே? பின்பக்கம் சரக்குக்கு மட்டும். செக்போஸ்ட்டில் நிறுத்துவார்கள். உள்ளே டிரைவரோடு ஐந்து பேர், அவ்வளவுதான்.

பெரியப்பா: தெரியும்டா. அதுக்குத்தானே ஜீப்பு.

கோவை மாமா: ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போடி வருகிறோம். ஹைலக்ஸிலேயே வருகிறேன். இரண்டு வண்டியிலும் ஆறு ஆறு மூட்டை ஏற்றி மேலே போவோம். பேசிக்கொண்டே இருந்தால் விடிந்துவிடும்.

பெரியம்மா: ஞாயிறு மதியச் சாப்பாடு தோட்டத்தில். யார் யார் வருகிறீர்கள் என்று இப்போதே சொல்லுங்கள், அரிசி எடுத்து வைக்க வேண்டும்.

தம்பி: நான் 🙋

*ஞாயிறு, காலை*

பெரியண்ணன்: [படம்]
பொட்டாஷ் 50 கிலோ மூட்டை. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. கிளம்பியாச்சு.

நான்: ஆட்டோவா மேனுவலா, இரண்டும்?

பெரியண்ணன்: இரண்டுமே மேனுவல்தான். அப்பா இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்.

அப்பா: வீட்டுப் போர்ட்டிகோவை டேப் வைத்து அளந்தேன். இரண்டு வண்டியும் ஏறக்குறைய பதினேழரை அடி. எதை எடுத்தாலும் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும்.

*ஞாயிறு, இரவு*

நான்: என்ன ஆச்சு? யாருமே வாய் திறக்கவில்லை.

தம்பி: டவர் இல்ல. இப்போதான் போடி வந்தோம்.

பெரியண்ணன்: நான் எழுதுகிறேன், மாமா குறை இருந்தால் திருத்தட்டும்.

ஏற்றத்தில் ஹைலக்ஸ்தான் மேல். மூட்டை ஏற்றியிருப்பதே அதற்குத் தெரியவில்லை. அப்பா வளைவில் செகண்டிலேயே விட்டார், திணறாமல் சுற்றியது. வி-கிராஸில் ஆள் மாறினாலும் கதை மாறவில்லை, ஃபர்ஸ்ட் வேண்டும். ஆனால் அப்பா எப்போதுமே கொண்டை ஊசியில் ஃபர்ஸ்ட் போடுகிறவர். ஜீப்புப் பழக்கம். அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

போடிமெட்டு தாண்டி பூப்பாறை வரைக்கும் ரோடு நன்றாக இருக்கிறது. அங்கே முந்நூறு கிலோ எடையோடு இரண்டும் காரைப்போல ஓடின. பட்டை ஸ்பிரிங் வண்டி, எடை வைத்தால்தான் அடங்கும். திரும்பி வரும்போது காலி. பின் சீட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

அத்தை: என்னைக் கேட்கிறான். போகும்போது சுகம், வரும்போது குலுக்கல். இரண்டு வண்டியிலும்தான். அவன் வண்டியில் கொஞ்சம் கூடுதலாகத் துள்ளியது, அவ்வளவுதான் வித்தியாசம். சாய்மானம் இரண்டிலும் செங்குத்து. அண்ணி மூட்டுவலிக்காரி, ஏறுவதற்கே கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கிறது. எதை வாங்கினாலும் பக்கத்தில் மிதிப்பலகை போடாமல் வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது.

பெரியம்மா: நான் முன் சீட்டில்தான் உட்காருவேன். கணக்குப்பிள்ளை பின்னால் போகட்டும்.

கோவை மாமா: கேட்டுக்கு முந்தின அந்த ஏற்றத்தைச் சொல்லு மாப்ள.

பெரியண்ணன்: வருகிறேன் மாமா. நேற்று ராத்திரி மழை பெய்திருந்தது, சிவப்பு மண் வெண்ணெய் மாதிரி. டூ-வீலில் மூட்டையோடு பாதி ஏறி நின்றுவிட்டது, இரண்டு வண்டியும். குமிழைத் திருப்பி ஃபோர்-ஹை (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போட்டதும் ஏறின. ஓடும்போதே போடலாம். ஃபோர்-லோ (மெதுவான, கூடுதல் இழுவை) வேண்டுமென்றால் மட்டும் நிறுத்தி நியூட்ரல் போட வேண்டும்.

அதற்கு மேலே தண்ணீர் அறுத்த பள்ளம் ஒன்று குறுக்காக இருக்கும், ஜீப்பில் போகிறவர்களுக்குத் தெரியும். அதில் ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் நின்றது. மாமா பின் டிஃபரன்ஷியல் லாக் (பின் சக்கரம் இரண்டையும் சேர்த்தே சுற்ற வைப்பது) பட்டனை அழுத்தினார், சும்மா நடந்து போவதுபோல ஏறிவிட்டது. என் வண்டியில் அந்த லாக் இல்லை. டிராக்‌ஷன் கண்ட்ரோல் சுற்றுகிற சக்கரத்தைக் கடகடவென்று பிடித்துப் பிடித்து, நிதானமாகத்தான் ஏற்றியது. ஏறியது, ஆனால் ஆக்சிலரேட்டரை விடாமல் மிதிக்கத் தைரியம் வேண்டும்.

கோவை மாமா: நன்றி. வேறு ஒன்றும் இல்லை கனம் கோர்ட்டார் அவர்களே.

அப்பா: அந்தப் பள்ளத்தில் ஒரு லோடு கல்லைக் கொட்டி நிரப்பினால் லாக்குக்கு வேலையே இல்லை மாப்பிள்ளை. அதற்கு எத்தனை லட்சம் ஆகும்?

பெரியம்மா: இதை நான் மூன்று வருஷமாகச் சொல்கிறேன்.

நான்: மைலேஜ்?

பெரியண்ணன்: டேங்க் நிரப்பி அளக்கவில்லை. எனக்கு வழக்கமாக மலையும் சமவெளியும் சேர்த்து பதினொன்று, பன்னிரண்டு. மாமாவுக்கு ஒன்று குறைவாக இருக்கும். இதை வைத்து வண்டி தேர்ந்தெடுக்க முடியாது.

டீசல் வண்டி என்பதால் இன்னொன்று, அப்பா கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஸ்.6 (புகை விதி) வண்டி எதுவாக இருந்தாலும் சைலன்சர் பக்கம் டி.பி.எஃப் என்று புகைக்கரி வடிகட்டி இருக்கும். அது சூடேறினால்தான் உள்ளே சேர்ந்த கரியை எரித்துக்கொள்ளும். ஸ்டோருக்கும் கேட்டுக்கும் ஃபர்ஸ்ட், செகண்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். வாரத்தில் ஒரு நாளாவது தேனி ரோட்டில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் விட வேண்டும்.

பெரியப்பா: ஏலத்துக்குப் போகும்போது விடலாம்.

பெரியண்ணன்: தோட்டத்துக்குள் ஓட்டவே கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். அந்த வேலைக்கு ஜீப்பு போதும்.

நான்: ஒரு சின்ன விஷயம். ஹைலக்ஸ் ஸ்டாண்டர்டில் 17 இஞ்ச் சக்கரம், மேல் மாடலில் 18. வி-கிராஸிலும் 18. கல் ரோட்டுக்கு 17 நல்லது, டயரின் பக்கச் சுவர் உயரம், ரிம் அடிபடாது. அப்புறம், வி-கிராஸ் என்பது இசுசு டி-மேக்ஸின் ஒரு மாடல்தான்; தாய்லாந்தில் 2019-லேயே புதுத் தலைமுறை டி-மேக்ஸ் வந்துவிட்டது, இங்கே நமக்கு இன்னும் அதற்கு முந்தினதைத்தான் விற்கிறார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

பெரியப்பா: பழசாக இருந்தால் என்ன, மெக்கானிக்குக் கை பழகியிருக்கும்.

கோவை மாமா: முடிவு சொல்லுங்கள் மச்சான். மதுரை ஷோரூமுக்கு நானும் வருகிறேன்.

பெரியப்பா: மாப்பிள்ளை வண்டி நல்ல வண்டி. ஓட்டிப் பார்த்தேன், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் எனக்கு வேகம் வேண்டாம். நான் விற்கப் போவதும் இல்லை, அதனால் ரீசேல் எனக்கு எதற்கு? மிஞ்சுகிற பணத்தில் ஜீப்புக்கு கியர்பாக்ஸ் வேலை பார்க்கலாம், பள்ளத்தில் கல் கொட்டலாம். வி-கிராஸ், ஃபோர் வீல், மேனுவல்.

தம்பி: என்ன கலர்?

பெரியம்மா: வெள்ளை வேண்டாம். சிவப்பு மண்ணில் வெள்ளையைக் கழுவிக் கழுவி எனக்குக் கை போய்விட்டது.

அத்தை: மிதிப்பலகை!!

பெரியப்பா: எழுதி வைத்துக்கொண்டேன்.

கோவை மாமா: சரி, தோற்றவன் கடைசியாக ஒன்று கேட்கிறேன். என் வண்டியில் ஒரு மூட்டை கிழிந்து பின்னாலெல்லாம் பொட்டாஷ் கொட்டிக் கிடக்கிறது. உப்பு அது, ஈரம் பட்டால் தகரத்தை அரித்துவிடும். யார் கழுவுவது?

பெரியண்ணன்: தம்பி, ஓஸை எடு.

தம்பி: இந்த நேரத்திலயா?

பெரியப்பா: இப்பவே.