யூஎஸ்பி சொருகினால் ‘டுடுங்’ சத்தம் மட்டும் வருகிறது: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

சோமனூர் தறிக்காரன்:

போன மாதம் நடந்தது. இன்னும் மனசு ஆறவில்லை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தறிக்குடோனை ஒட்டிய அறையில் இருக்கிறது. தங்கச்சி கல்யாண வீடியோ முழுக்க ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில். சொருகினால் ஏறுகிற சுரத்தில் ஒரு ‘டுடுங்’, டிஸ்க் இணைந்தது என்று அர்த்தம். இரண்டு நிமிடம் கழித்து இறங்குகிற சுரத்தில் இன்னொன்று, இணைப்பு போனது என்று. மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். அடுப்படியில் இருந்த அம்மா, “ஏஞ்சாமி, யாரோ பெல் அடிச்சுட்டு அடிச்சுட்டு ஓடறாங்க, போய்ப் பாரு” என்றார்.

கடையில் காட்டினேன். “டிஸ்க் போச்சுங்க, புதுசு வாங்கிக்குங்க” என்று முடித்துவிட்டார்கள். தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் வெசனத்தோடு சுற்றினேன். ஒரு நாள் மின்தடை. வேலை இல்லாமல் டார்ச்சை அடித்துக் கம்ப்யூட்டர் கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பி ஓட்டைக்குள் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் என்னவோ படிந்திருந்தது. பல் குத்தும் குச்சியை விட்டு இழுத்தால், விளக்குத் திரி மாதிரி நீளமாக வந்தது. பஞ்சு! தறியிலிருந்து பறந்த பஞ்சு, டிஸ்க்கைச் சொருகிச் சொருகி நானே இடித்து இறுக்கியிருக்கிறேன். கரண்டு வந்ததும் சொருகினேன், இணைப்பு போகாமல் நின்றது. கடைக்காரர் அந்த ஓட்டையைப் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கோபி டீச்சர்:

உங்களுக்காவது பஞ்சு. எனக்கு வெறும் ஒயர்.

பள்ளி ஆண்டு விழாப் போட்டோக்கள் போனில். விடிந்தால் கொடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் சொருகினால் போன் ஜம்மென்று சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டரோ அப்படி ஒரு போன் இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. யாரோ சொன்னார்கள் என்று போட்டோக்களை மட்டும் மெமரி கார்டுக்கு மாற்றிவிட்டு, போனை முழுக்க ரீசெட் செய்தேன். அம்முச்சி பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போயிற்று. போன் அப்போதும் வரவில்லை.

காலையில் அண்ணன் மகன் வந்தான், ஒன்பதாவது படிக்கிறவன். ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்து, “அத்தை, இது எமர்ஜென்சி லைட்டோட வந்த ஒயருங்க. சார்ஜுக்கு மட்டுந்தான்” என்றான். நான் நம்பவில்லை. அருவாமனையில் வைத்து ஒரே அறுப்பு. உள்ளே சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று, அவ்வளவுதான். “பச்சையும் வெள்ளையும் இருக்கோணும் அத்தை, அதுலதான் போட்டோ போகும்” என்றான். அறுந்த ஒயரை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை.

ஈரோடு மஞ்சள் மண்டி:

என் அனுபவம் சின்னது. மண்டிக் கணக்கு இருந்த பென் டிரைவ் முன்பக்கம் வரவில்லை, பின்பக்கம் சொருகினேன், வந்துவிட்டது.

ஆனால் எல்லோருக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். பின்பக்கத்து ஓட்டைகள் கம்ப்யூட்டரின் முக்கிய அட்டையான மதர்போர்டிலேயே பற்ற வைத்தவை. முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு ஒயர் ஓடுகிறது. அது மட்டமாக இருந்தாலோ, கழன்று ஆடினாலோ ஹார்டு டிஸ்குக்குக் கரண்டு பற்றாது. பழைய யூஎஸ்பி 2.0 ஓட்டை தருவது 500 மில்லி ஆம்பியர், நீல நிற 3.0 தருவது 900. அதனால் ஹார்டு டிஸ்க் என்றால் முதலில் பின்பக்கத்து நீல ஓட்டை, அப்புறம்தான் மற்றதெல்லாம். நடுவில் ஹப் (ஒரு ஓட்டையைப் பலவாக்கும் பெட்டி) வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டுமென்றால் தனி அடாப்டர் உள்ள ஹப்பாகப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையா, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் நிற்கும் கரண்டு வடிந்துவிடும். சில கோளாறு இதிலேயே போகும். அடுத்து விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், கம்ப்யூட்டரில் உள்ள சாமான்களின் பட்டியல். கடைசியில் யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ் என்று இருக்கும். அதற்குள் யூஎஸ்பி ரூட் ஹப், பவர் மேனேஜ்மென்ட், அங்கே மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் யூஎஸ்பியைத் தூங்க வைக்கிற செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று உண்டு, அதையும் அணைத்துவிடுங்கள். இதற்கும் சரியாகவில்லை என்றால் ரூட் ஹப் எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், தானாகத் திரும்ப ஏறிக்கொள்ளும். டீச்சருக்கு ஒன்று: நல்ல ஒயராகவே இருந்தாலும் போன் திரையில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தொட்டால்தான் போட்டோ வரும். நான் சொன்ன வரிசையில் செய்தால் கடைக்கே போக வேண்டாம்.

திருப்பூர் கணக்குப்பிள்ளை:

மாதம் 20 ஆம் தேதி, இரவு 11.40. ஒரு பனியன் கம்பெனிக்கு ஜிஎஸ்டி 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். கம்பெனிக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம், அந்தக் கையெழுத்து இருக்கிற, பென் டிரைவ் மாதிரியான டோக்கனில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் டோக்கனே இல்லை என்கிறது. முதலாளி போனில், “ஏனுங்க, ஆச்சுங்களா?” முன்னால், பின்னால், மனைவி டார்ச் பிடிக்க மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகச் சொருகினேன். அன்று சாயங்காலம்தான் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு அப்டேட் ஆகியிருந்தது. டோக்கனைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கிற டிரைவர் சாப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டதும் பாஸ்வேர்டு பெட்டி வந்தது. மணி 11.53. அந்தப் பெட்டியைப் பார்த்தபோது கை நடுங்கி, பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன். சில தடவைக்கு மேல் தப்பினால் டோக்கனே பூட்டிக்கொள்ளும். இரண்டாவது தடவை ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக.

கோபி டீச்சர்:

மண்டிக்காரர் சொன்ன கடைசி யோசனையைச் செய்து பார்த்தேன், சும்மா இருக்க முடியாமல். ரூட் ஹப்பை அன்இன்ஸ்டால் செய்தேன், மவுஸ் செத்துவிட்டது. கீபோர்டும் வரவில்லை. ரெண்டும் யூஎஸ்பியில்தானே இருக்கிறது! அப்புறம் ரீஸ்டார்ட்டை எதை வைத்து அழுத்துவதாம்?

ஈரோடு மஞ்சள் மண்டி:

பவர் பட்டனை ஒரு தடவை தட்டினால் அணைந்துவிடும், மறுபடி போட்டால் எல்லாம் வந்துவிடும். இதுகூடவா சொல்லோணும்.

பொள்ளாச்சி தோப்பு:

சொல்லத்தான் வேண்டும். இத்தனை நீளம் எழுதினவர் அந்த ஒரு வரியை விட்டுவிட்டாரே.

நான் எழுத வந்தது வேறு. தறிக்காரரே, பஞ்சு எடுத்ததும் முழுக்கச் சரியாகிவிட்டது என்பதை நான் நம்பவில்லை. உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா?

எங்கள் தோப்பு வீட்டில் பிரிண்டர் ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகப் போனேன். வெறுங்கால், சிமெண்டுத் தரை, கை ஈரம். ஒயரின் இரும்பு முனை ஓட்டையைத் தொட்டதும் ‘சுருக்’ என்று ஒரு பொறி, கையில் எறும்பு ஊர்கிற மாதிரி. அதோடு பிரிண்டர் போயிற்று, இன்றுவரை எந்தக் கம்ப்யூட்டரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒயர்மேன் வந்து கேபினெட்டின் இரும்பில் டெஸ்டரை வைத்தார். பட்டப்பகலில் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கியது. பிளக் பாயிண்டைக் கழற்றினால் மூன்றாவது ஓட்டைக்கு ஒயரே இல்லை. மூன்று ஓட்டை இருக்கிறதே என்று இத்தனை வருடம் நம்பியிருந்தோம்! எர்த் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் உடம்பில் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்குமாம், சுமார் 115. கசிகிற கரண்டு கொஞ்சம் என்பதால் பொதுவாக ஆளைக் கொல்லாது, ஆனால் பிரிண்டர் போன்ற இன்னொரு சாமானோடு சேரும்போது யூஎஸ்பி ஒயர் வழியாகத்தான் இறங்கப் பார்க்கும். கிணற்றடியில் குழி எடுத்து, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் கொடுத்தோம். சித்திரை வெயிலில் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது இப்போது என் வேலை.

ஈரோடு மஞ்சள் மண்டி:

பென் டிரைவ் வரவில்லை என்பவரைக் கிணறு வெட்டச் சொல்வீர்கள் போல. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் பின்பக்கம் மாற்றிச் சொருகினாலே தீரும்.

பொள்ளாச்சி தோப்பு:

கிணறு இல்லைங்க, குழி. உங்கள் வீட்டு கேபினெட்டில் ஒரு தடவை டெஸ்டரை வைத்துவிட்டு வந்து பேசுங்கள்.

சோமனூர் தறிக்காரன்:

நேற்றுச் சாயங்காலம் தங்கச்சி வந்திருந்தாள். கல்யாண வீடியோ போட்டோம். சரியாகத் தாலி கட்டுகிற நேரம், பக்கத்தில் தறி ஓடத் தொடங்கியது, ‘டுங்டு’ என்று இறங்கிவிட்டது. ஓட்டையில் பஞ்சு இல்லை, பார்த்துவிட்டேன். பின்பக்கம் மாற்றிச் சொருகினேன், தறி ஓடாதவரை டிஸ்க் இணைப்பு நிற்கிறது, தறி ஓடினால் போகிறது. டெஸ்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அட்டாலியில் இருந்தது, தம்பி மகன் எங்கே கொண்டுபோய்ப் போட்டானோ.