சரிபாதியாகக் கலந்த பாக்டீரியா வெளியே வளர வளர நிறம் பிரிகிறதே, ஏன்?

கேட்டவர்:
ஒரே ஈ.கோலை ரகம்தான். பாதி மஞ்சளாக ஒளிரும், பாதி நீலமாக. நன்றாகக் கலந்து அகார் (உணவு கலந்த கூழ்) தட்டின் நடுவில் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடத்தில் இரண்டும் கலந்தே இருக்கின்றன, ஆனால் அதைத் தாண்டி வளர்ந்த பகுதி முழுக்க மஞ்சள் ஒரு துண்டு, நீலம் ஒரு துண்டு என்று விசிறி மாதிரி பிரிந்து நிற்கிறது. அதே கலவை குலுக்கும் குடுவையில் பாதிப்பாதியாகவே இருக்கிறது. கலப்படம் ஆகிவிட்டதா? மூன்று வாரமாகப் புரியவில்லை.

பதில் 1:
கலப்படம் இல்லை, கவலைப்படாதீர்கள். 2007-இல் ஹாலட்செக், நெல்சன் குழுவினர் இதையேதான் செய்து காட்டினார்கள். கோலனியின் (தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டின்) உள்ளே உணவு தீர்ந்துவிடும், விளிம்பில் உள்ள மெல்லிய பட்டைதான் வெளிப்பக்கம் பரவுகிறது. அங்கே ஒரு செல் தற்செயலாகக் கொஞ்சம் பின்தங்கினால், பக்கத்துச் செல்லின் வாரிசுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் இதன் வம்சம் முன்னே வருவது ரொம்பக் கடினம். குடுவையில் எல்லாச் செல்லும் எல்லாவற்றோடும் கலப்பதால் இந்த அதிர்ஷ்டம் சராசரியாகிவிடுகிறது.

கேட்டவர்:
சரி. ஆனால் எட்டுத் தட்டில் ஐந்தில் மஞ்சள்தான் அதிகம். மஞ்சள் வேகமாக வளர்கிறதோ?

பதில் 1:
எட்டுக்கு ஐந்து நாணயம் சுண்டினாலே வரும். முப்பது தட்டாவது போடுங்கள். அதோடு துண்டின் வடிவத்தையும் பாருங்கள்: உண்மையிலேயே வேகமான வகை என்றால் அதன் துண்டு வெளியே போகப் போக அகன்று பக்கத்துத் துண்டுகளை விழுங்கும். சமமானவை என்றால் எல்லைக்கோடு இப்படியும் அப்படியும் அலையுமே தவிர ஒரே பக்கம் சாயாது.

பதில் 2:
வைரஸிலும் இந்த விளிம்பு விஷயம் உண்டு. பாக்டீரியாவைத் தாக்கும் டி7 ஃபேஜ் என்ற வைரஸ் ஏற்படுத்தும் ப்ளேக்கின் (பாக்டீரியா செத்துத் தெளிவாகத் தெரியும் வட்டத்தின்) ஓரத்தில்தான் உயிருள்ள பாக்டீரியா கிடைக்கும். அப்படி வளரும் ப்ளேக்கில் வேகமாகப் பரவும் திரிபுகள் (மரபணு மாறிய வகைகள்) எழுவதை ஜான் யின் 1993-இலேயே காட்டினார்.

கேட்டவர்:
அடுத்து மருந்து எதிர்ப்புள்ள திரிபுகளைத் தேடப் போகிறேன். அப்படியானால் விளிம்பில் மட்டும் மாதிரி எடுத்தால் போதுமா?

பதில் 2:
போதாது! விளிம்பில் இருப்பது முதலில் வந்தது, சிறந்ததாக இருக்க வேண்டும் என்றில்லை. 2016-இல் பேம், கிஷோனி குழுவினர் 120க்கு 60 செ.மீ. அளவுள்ள பெரிய தட்டில் மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி ஈ.கோலையை வளர்த்தபோது, அதிக எதிர்ப்புள்ள சில திரிபுகள் முன்னணிக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தன. அவற்றை எடுத்து முன்னால் வைத்ததும் நன்றாகவே பரவின. அதனால் உள்ளே இருந்தும் ஊசியால் எடுங்கள்.