பாம்பு கடித்தவருக்கு வந்தவுடனே ஏன் ஊசி போடவில்லை?

வரப்புக்காரன்:
நேற்று ராத்திரி 7 மணி வாக்கில் கடலைக்கொல்லையில் சித்தப்பாவைக் கணுக்காலில் பாம்பு கடித்துவிட்டது. பல் பதிந்த தடம், லேசான வீக்கம். துண்டால் இறுக்கிக் கட்டி அரை மணியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். ஆனால் ரத்தத்தை எடுப்பதும் கண்ணாடிக் குழாயில் ஊற்றி வைப்பதுமாகவே இருந்தார்கள், விஷமுறிவு மருந்து ஏறும்போது மணி 10. சித்தி அழுது தீர்த்துவிட்டார். வந்தவுடனே போட்டால் என்ன?

நைட் டூட்டி:
அந்தக் குழாய்தான் முடிவு சொல்கிறது. 2 மில்லி ரத்தத்தைப் புதுக் குழாயில் விட்டு 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம், உறையாமல் தண்ணி மாதிரி ஓடினால் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் மாதிரி ரத்தத்தைத் தாக்கும் விஷம் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தமே உறையாது, அதனால் பழைய குழாயை நான் தொடவே விடமாட்டேன். கடித்தாலும் விஷம் இறங்காதவர்கள் உண்டு. மருந்து குதிரை ரத்தத்திலிருந்து வருவது, சிலருக்கு உடம்பு தடித்து மூச்சுத் திணறும், அதை அடக்கும் அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்போம். முதலில் 8 முதல் 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவுதான், இறங்கிய விஷம் ஒன்றுதானே.

வரப்புக்காரன்:
ஓ, முதல் இரண்டு தடவை உறைந்ததாம், மூன்றாவதுதான் ஓடியதாம்.

கரிசல்மண்:
குழாயை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் தெருவில் தரையில் படுத்த பையனுக்கு விடியற்காலையில் வயிற்றுவலி, கடித்த தடமும் இல்லை, வீக்கமும் இல்லை. ரத்தம் நன்றாக உறைந்தது. டாக்டர் மேலே பார்க்கச் சொன்னார், இமை தூக்க முடியவில்லை. கட்டுவிரியன்! உடனே மருந்து ஏற்றினார்கள், அப்புறமும் இரண்டு நாள் வென்டிலேட்டர். அறிகுறி இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கணும்.

நைட் டூட்டி:
ரொம்பச் சரி, நரம்பு விஷத்துக்கு இமைதான் முதல் சாட்சி. அப்புறம் அந்தத் துண்டு: இறுக்கிக் கட்டினால் அதனாலேயே கால் வீங்கும், விஷ வீக்கமா கட்டு வீக்கமா என்று நாங்கள் திண்டாடணும். பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். 6 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்பார்கள், கேளுங்கள்.

வரப்புக்காரன்:
4 மணிக்குப் பார்த்தார்கள், இன்னும் உறையவில்லை, இரண்டாவது டோஸ் ஏறுகிறது. இந்தத் தடவை குழாயைச் சாய்க்கும்போது சித்தியும் பக்கத்தில் நின்று பார்த்தார்.