டயர் ஷ்ரெடரில் துண்டின் அளவைக் குறைத்த அனுபவம்: நீங்களும் எழுதுங்கள்

மெயின்டனன்ஸ் ஃபிட்டர், கும்மிடிப்பூண்டி

எங்கள் யூனிட்டில் இருப்பது இரண்டு ஷாஃப்ட் ஷ்ரெடர், அதாவது எதிரெதிரே சுற்றும் இரண்டு தண்டுகளில் வரிசையாகக் கத்தி மாட்டி, பழைய டயரைத் துண்டாக்கும் மிஷின். லாரி டயர், கார் டயர் இரண்டும் ஓடும். ஆறு வருடமாகக் கை அகலத் துண்டாகத்தான் வெட்டிக்கொண்டிருந்தோம். டயரைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் பைராலிசிஸ்காரர்களுக்கு அது போதும். போன வருடம் அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையிலிருந்து, சூளையில் எரிக்க, ஆர்டர் வந்தது. துண்டு 50 மில்லிக்குள் (மில்லிமீட்டர்) இருக்க வேண்டும், டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நீட்டிய கம்பிகள் சரக்கு கொட்டும் ஹாப்பர் தொட்டிக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் சரக்கு கீழே இறங்காது.

முதலாளி சொன்னது, "டிரம் சல்லடையை மாற்றிவிடு, ஒரு நாள் வேலை." வெட்டிய துண்டைச் சலிக்கும் சுழல் சல்லடை அது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 100 மில்லி ஓட்டைத் தகடுகளைக் கழற்றிவிட்டு 50 மில்லி தகடுகளைப் போட்டோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓட்டினோம். பத்து மணிக்குத் திரும்பும் கன்வேயரில் மலையாகக் குவிந்துவிட்டது. சல்லடையில் விழாத துண்டுகள் மறுபடி மேலே போகின்றன, கத்தி மேல் விழுகின்றன, கத்தியின் கொக்கிப் பல்லில் மாட்டாமல் அங்கேயே குதித்துக்கொண்டிருக்கின்றன. கீழே போனவையும் அரைகுறையாகவே வெட்டுப்பட்டு மறுபடி சல்லடைக்கு வருகின்றன. மதியத்துக்குள் மோட்டார் ஓவர்லோடில் நான்கு முறை நின்றது. சல்லடையில் இறங்கிய கொஞ்ச சரக்கிலும் ஒவ்வொரு துண்டிலும் முடி மாதிரி கம்பி.

சல்லடை எதையும் வெட்டாது, பிரித்துத்தான் கொடுக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. துண்டின் அளவு கத்தியில் முடிவாகிறது. எங்கள் கத்தியின் தடிமன் 50 மில்லி. அதனால் துண்டின் அகலம் ஏறக்குறைய 50 வரும். நீளம் எவ்வளவு என்பதைக் கத்தியில் இருக்கும் கொக்கிகளின் இடைவெளி தீர்மானிக்கும். எங்கள் கத்தியில் கொக்கி குறைவு, ஆகவே நீளத் துண்டுதான் வரும். அந்த நீளத் துண்டைத் திருப்பித் திருப்பி விட்டுத்தான் சின்னதாக்க வேண்டும். அதற்குக் கத்தி ஒழுங்காக வெட்ட வேண்டும்.

மறுநாள் மிஷினை நிறுத்தி, கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சில் பூட்டுப் போட்டுவிட்டு, சந்தை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்துக் கத்திகளுக்கு நடுவில் எங்கள் மேனுவல் சொல்லும் இடைவெளி 0.3 மில்லி. ஓரத்தில் 0.5 இருந்தது. நடுவில், லாரி டயர் அதிகமாக விழும் இடத்தில், 1.2. அந்தச் சந்துக்குள் ரப்பர் மடிந்து நுழைகிறது. வெட்டுப்படாமல் இழுபட்டுக் கிழிகிறது. கம்பியும் அப்படியே வழுக்கி வெளியே வந்துவிடுகிறது. பெரிய துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது இந்தத் தேய்மானம் எங்கள் கண்ணில் படவே இல்லை.

ஷாஃப்டை இறக்கிக் கத்தி செட்டைச் சாணைக்கு அனுப்பி, திரும்ப மாட்ட ஒன்பது நாள் ஆனது. இப்போது அதே 50 மில்லி சல்லடை ஓடுகிறது. மணிக்கு வரும் சரக்கு முன்பு வந்ததில் பாதிதான். விலை பேசும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், நாங்கள் சொல்லவில்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். திரும்பி வரும் துண்டை மட்டும் தனியாக விட்டால் மிஷின் அதைப் பிடிக்காது. புது டயரையும் கூடவே விட வேண்டும். டயரின் எடை சின்னத் துண்டுகளைக் கத்தி மேல் அழுத்திக் கொடுக்கிறது.

சாணைப் பட்டறை, கோயம்புத்தூர்

அண்ணன் எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. என்னிடம் கத்தி கொண்டுவருகிறவர்களில் பலர் தேய்ந்த கத்தியை மட்டும் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கத்தியின் பக்கவாட்டு முகத்தைச் சாணை பிடித்தால் அதன் தடிமன் குறையும். எதிர் ஷாஃப்டில் அதற்கு நேராக, இரண்டு கத்திகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்பேசர் வளையத்தையும் அதே அளவு குறைத்தால்தான் சந்து பழையபடி நிற்கும். ஒரு ஷாஃப்டில் 20 கத்தி என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 0.1 மில்லி வித்தியாசம் வந்தால் கடைசிக் கத்தி 2 மில்லி தள்ளி நிற்கும், எதிர்க் கத்தியில் போய் இடிக்கும்.

செட்டாகக் கொண்டுவாருங்கள், ஸ்பேசரோடு கொண்டுவாருங்கள். கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் எண் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் எண் அடித்துவிடுங்கள். அப்புறம், அவசரம் என்று சொல்லித் தண்ணீர் விடாமல் சாணை பிடிக்கச் சொல்லாதீர்கள். டி2 மாதிரி, கத்தி செய்யும் டூல் ஸ்டீலில் முனை நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். மாட்டிய சில நாளிலேயே அந்த முனை மழுங்கிவிடும்.

கிரானுலேட்டர் ஆபரேட்டர், நாமக்கல்

எங்கள் வேலை இரண்டாம் கட்டம். ஷ்ரெடரில் வந்த துண்டை வாங்கி, அரைத்து, காந்தத்தில் கம்பியைப் பிரித்துக் கொடுப்போம். அரைக்கும் மிஷின்தான் கிரானுலேட்டர். அதில் கத்தியோடு சுற்றும் ரோட்டருக்குக் கீழே 20 மில்லி ஓட்டைச் சல்லடை. ரப்பர் தூள் செய்யும் ஒருவர் இன்னும் பொடியாக வேண்டும் என்று கேட்டார். அவர் தாருக்குப் போகும் 30 மெஷ் தூள், அதாவது 0.6 மில்லி, அரைப்பவர். நாங்கள் சின்னதாகக் கொடுத்தால் அவருக்குக் கரண்ட் மிச்சம். சரி என்று 12 மில்லி சல்லடை மாட்டினோம்.

இந்த ஊரில் லாரி டயருக்குப் பஞ்சமில்லை. அதில் நைலான் நூல் வைத்த பழைய டயரும் வரும், எஃகுக் கம்பி வைத்த ரேடியலும் வரும், இரண்டையும் கலந்தே ஓட்டி வந்தோம். 12 மில்லியில் நைலான் நூல் பஞ்சாகி ஓட்டைகளை அடைத்துவிட்டது. இறங்க வழியில்லாத ரப்பர் உள்ளேயே சுற்றிச் சூடாகிறது. மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸ் ஏறுவதைப் பார்த்தும், உள்ளே விடும் சரக்கைக் குறைக்காமல் விட்டது என் தவறு. முதலில் வாடை, பிறகு சல்லடைக்குக் கீழே புகை. நிறுத்தித் தண்ணீர் அடித்தோம். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். இரவு பத்தரைக்கு வாட்ச்மேன் ஓடி வந்தார். மாலையில் கட்டி வைத்த ஜம்போ பையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சூடான ரப்பரைக் குவியலாகக் கட்டி வைத்தால் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேற வழியில்லை.

இப்போது நைலான் ஒரு ஷிஃப்ட், ரேடியல் ஒரு ஷிஃப்ட். நைலானுக்கு 20க்குக் கீழே போவதில்லை. வந்த சரக்கைத் தரையில் மெல்லிசாகப் பரப்பி, கை வைத்துப் பார்த்து, ஆறிய பிறகுதான் பையில் போடுகிறோம்.

குவைத்திலிருந்து

இங்கே அர்ஹியாவில் கிடந்த 4 கோடிக்கும் மேற்பட்ட பழைய டயர்களை 2021இல் சவூதி எல்லைப் பக்கம் சால்மிக்கு மாற்றினார்கள். அப்படி வெட்டவெளியில் கிடந்த டயரை நான் வேலை பார்க்கும் மிஷினிலும் வெட்டியிருக்கிறேன். டயருக்குள் இருக்கும் மணல்தான் பெரிய எதிரி. கத்தி முனையை அரம் போட்டது போல் ராவிவிடும். நாங்கள் சல்லடையைத் தொடவே இல்லை, ஆனால் இரண்டு வாரத்தில் துண்டு மாறிவிட்டது. ஓரம் பிய்ந்து, நீளமாக வர ஆரம்பித்தது. டயரைத் தட்டி மணலைக் கொட்டிவிட்டு விடத் தொடங்கியதும் கத்தி கூடுதல் நாள் தாங்குகிறது. ஊரில் ஆற்றோரம், கடலோரம் கிடந்த டயர் வாங்குகிறவர்கள் கவனியுங்கள்.

எலக்ட்ரீஷியன், ஸ்ரீபெரும்புதூர்

சல்லடை சின்னதானால் அடைப்பு அதிகமாகும். அடைப்பு அதிகமானால் ஆள் உள்ளே இறங்குவதும் அதிகமாகும். யாரும் இதைப் பற்றி எழுதாததால் நான் எழுதுகிறேன்.

எங்கள் மிஷின் லோடு ஏறினால் தானாகப் பின்னோக்கிச் சுற்றி, சில நொடி நின்று, மறுபடி முன்னே சுற்றும். அந்தச் சில நொடி நிற்பதைப் பார்த்து, மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்து ஒரு ஹெல்ப்பர் பையன் மேலே ஏறிக் குனிந்து மாட்டிக்கொண்ட துண்டைப் பிடித்துவிட்டான். எதிரே இருந்த அக்கா பார்த்துவிட்டு எமர்ஜென்சி கயிற்றை இழுத்தார். பையனுக்குக் கையுறை மட்டும் போனது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பேனலில் ஸ்டாப் அழுத்துவது போதாது. மெயின் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுப் போடுங்கள். உள்ளே போகிறவர் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் போனால் இரண்டு பூட்டு. எண்ணெய் அழுத்தத்தில் சுற்றும் ஹைட்ராலிக் டிரைவ் என்றால் பிரஷரையும் இறக்கிவிடுங்கள். சல்லடை மாற்றுவதற்கு முன்னால் உங்கள் ஆட்களுக்கு இதைச் செய்து காட்டிவிடுங்கள்.

மெயின்டனன்ஸ் ஃபிட்டர், கும்மிடிப்பூண்டி

தம்பி எழுதியதை இன்று காலை ஷிஃப்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆளுக்கொரு பூட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

அளப்பது எப்படி என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். எங்கள் முதல் லோடு திரும்பி வந்ததற்கே அதுதான் காரணம். 50 மில்லி ஓட்டையில் 120 மில்லி நீளக் குச்சித் துண்டு செங்குத்தாக நின்று இறங்கிவிடும். சல்லடையைப் பொறுத்தவரை அது சரியான சரக்கு, வாங்குகிறவர் ஸ்கேல் வைத்தால் தவறான சரக்கு. இப்போது மணிக்கு ஒருமுறை பெல்ட்டிலிருந்து 10 கிலோ எடுத்து, கைச்சல்லடையில் சலித்து, மேலே தங்கியதை எடை போடுகிறோம். இறங்கியதில் நீளமானவற்றைக் கையால் பொறுக்கி அதையும் தனியாக எடை போட்டு எழுதுகிறோம். எடையில் எத்தனை சதவீதம் 50க்கு மேல் போகலாம், நீளம் அதிகபட்சம் எவ்வளவு என்ற இரண்டையும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்கிக்கொண்டோம்.

அந்த நோட்டில் இன்னொன்றும் தெரிகிறது. நீளத் துண்டின் எடை மூன்று நாள் தொடர்ந்து ஏறினால் கத்திச் சந்து திறக்கிறது. போன வாரம் அப்படி ஏறியது, நிறுத்திப் பார்த்தேன், நடுவில் 0.7. வரும் ஞாயிறு ஷாஃப்டை இறக்குகிறோம். கோவை அண்ணா, இந்தத் தடவை ஸ்பேசரோடு முழு செட்டாக அனுப்புகிறேன், எண் அடித்தாகிவிட்டது.