மறுமொழி: பாக்டீரியல் கன்ஜங்டிவைட்டிஸ் – வெண்படல அழற்சியா, கண்சவ்வழற்சியா?

அன்புள்ள குழுவினருக்கு,

கண் சிவந்து பீளை தள்ளும் ‘பாக்டீரியல் கன்ஜங்டிவைட்டிஸ்’ நோயைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று, பள்ளிகளுக்கான கண்நலக் கையேட்டுக்காக அக்கா கேட்டதற்கு நிறையப் பரிந்துரைகள் வந்துவிட்டன. கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் உடன் வருபவர்களுக்கும் விளக்கம் சொல்லும் வேலையில் இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சில கருத்துகள்.

> விழிவெண்படல அழற்சி என்றே வைத்துக்கொள்ளலாம். நாளிதழ்களில் பழகிவிட்டது.

ஐயா, பழகிய சொல்தான். ஆனால் கார்னியாவை, அதாவது கருவிழியின் முன்புறப் படலத்தை, விழிவெண்படலம் என்று பள்ளியில் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்தக் கையேடு போனால், கருவிழியில் வரும் அழற்சியும் இதுவும் ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. கன்ஜங்டிவா என்ற மெல்லிய சவ்வில் வரும் சாதாரண பாக்டீரியத் தொற்று பார்வையைத் தொடாமல் ஆறிவிடும். கருவிழியில் பாக்டீரியா இறங்கிப் புண்ணானால், ஆறிய பிறகும் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது என்பது என் கருத்து.

உறுப்பைப் பார்த்தாலும் ‘வெண்’ பொருந்தவில்லை. கன்ஜங்டிவா வெள்ளை அல்ல, நிறமே இல்லாத மெல்லிய சவ்வு. இமைகளின் உட்புறத்தில் ஒட்டியிருந்து, மேலேயும் கீழேயும் மடிந்து, கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடிக் கருவிழியின் விளிம்பில் முடிகிறது. நாம் பார்க்கும் வெள்ளை அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்கிளீரா என்ற உறுதியான வெள்ளை உறையினுடையது. தொற்று வந்ததும் சவ்விலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிவதால்தான் கண் சிவக்கிறது.

இமையையும் விழியையும் இணைப்பதால்தான் லத்தீனில் அதற்கு அந்தப் பெயர் வந்தது. அந்த வகையில் ‘இமையிணைப்படலம்’ மிகச் சரியான ஆக்கம். கலைச்சொல் பட்டியலில் அதுவே முதலில் நிற்கட்டும். ஆனால் ‘இமையிணைப்படல அழற்சி’ என்று ஒரு தாயிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதியில் கவனம் போய்விடும். ‘இமைச்சவ்வு’ என்று சுருக்கலாம் என்று தம்பி எழுதியிருந்தார். தவளைக்கும் பறவைக்கும் உள்ள மூன்றாவது இமையை அப்படி எழுதுவதுண்டு, அதனால் வேண்டாம். என் வாக்கு ‘கண்சவ்வழற்சி’க்கு. அதன் முன்னால் காரணத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்: பாக்டீரியக் கண்சவ்வழற்சி, வைரஸ் கண்சவ்வழற்சி, ஒவ்வாமைக் கண்சவ்வழற்சி.

‘கண் தொற்று’ போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். மகரந்தத்தாலோ தூசியாலோ கண் சிவந்து அரிப்பவருக்கு அழற்சி உண்டு, தொற்று இல்லை. அந்தக் குழந்தையைத் தொற்று என்று பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

> மெட்ராஸ் ஐ என்று எல்லாருக்கும் தெரிந்த பெயர் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான், அதனால்தான் எனக்குத் தயக்கம். ஊரெங்கும் பரவும் மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. அடினோ வைரஸ் ஒரு காரணம். 1969இல் கானாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய ரத்தக்கசிவு வகைக்கு என்டெரோ வைரஸ் 70 காரணம். இவற்றுக்கு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வேலை செய்யாது. பாக்டீரிய வகைக்கு மருந்து உதவும். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால், போன முறை பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தையே வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அதில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால் ஆபத்து வேறு விதம். சிவந்ததற்குக் காரணம் ஹெர்பெஸ் வைரஸாக இருந்தால் ஸ்டீராய்டு கருவிழிப் புண்ணை வளர்த்துவிடும். பெயரில் காரணம் தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

ஆங்கிலத்தின் ‘பிங்க் ஐ’யை அப்படியே பெயர்த்த ‘இளஞ்சிவப்புக் கண்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் யாரும் கண்ணை அப்படிப் பார்ப்பதில்லை. கண் சிவக்கும், அவ்வளவுதான்.

‘பீளைக்கண்’ என்ற பரிந்துரையைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. பீளை எவ்வளவு நல்ல சொல்! கையேட்டின் முதல் வரைவில் ‘கண்ணிலிருந்து சளி போன்ற வெளியேற்றம்’ என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டுப் பீளை என்று எழுத வேண்டும். பாக்டீரியாவால் வந்தால் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை தள்ளும், துடைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி சேரும், காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்க வராது. வைரஸில் நீர் வடிவது அதிகம், காதுக்கு முன்னால் நெறிகட்டலாம், சளியோ தொண்டைவலியோ கூட இருக்கலாம். ஒவ்வாமையில் அரிப்புத்தான் முன்னால் நிற்கும், பெரும்பாலும் இரண்டு கண்ணிலும்.

ஆனாலும் பீளையை நோயின் பெயராக வைக்க வேண்டாம். வைரஸ் வகையிலும் பீளை வரும், காலையில் இமை ஒட்டும். அனுபவமுள்ள மருத்துவர்களுக்கே அறிகுறியை மட்டும் வைத்துச் சில நேரம் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பீளை கண்டதெல்லாம் பாக்டீரியா என்ற எண்ணத்தை நாமே பெயராக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

இனி யாரும் எழுப்பாத ஒன்று. கிராமங்களில் இந்த நோய்க்குப் பெயரே ‘கண்வலி’. ‘பிள்ளைக்குக் கண்ணு வலி வந்திருக்கு’ என்றால் கண் சிவந்து பீளை தள்ளுகிறது என்று பொருள், வலி இருக்க வேண்டும் என்பதில்லை. வரைவின் எச்சரிக்கைப் பகுதியிலோ ‘கண்வலி இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவும்’ என்று இருக்கிறது. படிப்பவருக்கு இது ஒன்றும் சொல்லாது. பாக்டீரியக் கண்சவ்வழற்சியில் உறுத்தலும் எரிச்சலும் இருக்கும், கடுமையான வலி இருக்காது. இருந்தால் கருவிழியோ கண்ணின் உட்பகுதியோ பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே ‘கண்ணுக்குள் குத்தும் வலி’ என்று பிரித்து எழுதுங்கள். (கண்வலிக்கிழங்கு என்பது செங்காந்தளின் கிழங்கு. அதில் கொல்கிசின் என்ற நச்சு இருக்கிறது. பெயரைப் பார்த்துக் கண்ணுக்கு மருந்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.)

சிகிச்சைப் பத்திக்கு என் வரைவு கீழே. திருத்துங்கள்.

‘பாக்டீரியக் கண்சவ்வழற்சி ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். மருத்துவர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து அதைச் சற்று விரைவுபடுத்தும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே துடையுங்கள். ஒருமுறை துடைத்த பஞ்சை மறுபடி பயன்படுத்த வேண்டாம். கீழிமையை இழுத்து உள்ளே ஒரு சொட்டு விட்டால் போதும். மருந்துப் புட்டியின் நுனி கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்துகள் தந்திருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். ஒருவர் மருந்தை மற்றவர் போட வேண்டாம். துண்டு, தலையணை உறை, கண்மை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். கண்ணைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். கண்ணுக்குள் குத்தும் வலி, பார்வை மங்குதல், வெளிச்சம் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, பீளை சீழாகக் கொட்டுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். தாய்ப்பால், பூச்சாறு, எண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம்.’

நோயாளியின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். பார்வையால் பரவாது, கையாலும் துணியாலும் பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும். கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் பழக்கம் மாறாவிட்டால் பரவுவதைத் தடுக்காது.

பச்சிளங்குழந்தைகளைத் தனித் தலைப்பில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிறந்த முதல் மாதத்தில் கண் சிவந்து சீழ் வந்தால் அது வேறு கதை. தாயிடமிருந்து பிறப்பின்போது தொற்றும், கொனோரியா என்ற பால்வினை நோயின் பாக்டீரியா ஓரிரு நாளில் கருவிழியைத் துளைத்துவிடக் கூடும். அந்தக் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் நைசர் 1879இல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேறு மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடத் தொடங்க, அங்கே அந்த நோய் வெகுவாகக் குறைந்தது. இன்று அதற்கு ஊசிவழி ஆன்டிபயாடிக் தேவை, சொட்டு மருந்து மட்டும் போதாது. ‘தானாகவே ஆறிவிடும்’ என்ற வரி தவறிப்போய்க்கூட அந்தக் குழந்தைகளைத் தொடக் கூடாது. ‘பச்சிளங்குழந்தைக் கண்ணழற்சி’ என்று தனிச்சொல் வைத்தால் இது நடக்காது.

கடைசியாக, பட்டியலில் ‘அக்யூட்’ என்பதற்குக் ‘கடும்’ என்று இருக்கிறது. மருத்துவர் அந்தச் சொல்லால் சொல்வது விரைவில் தொடங்கிக் குறுகிய காலம் இருப்பதை. நோய் கொடியது என்பதை அல்ல. ட்ரக்கோமாவும் பாக்டீரியாவால் வருவதுதான், ஆனால் அது திரும்பத் திரும்பத் தொற்றி ஆண்டுக்கணக்கில் இமையின் உட்புறத்தைத் தழும்பாக்குவது. அதிலிருந்து பிரித்துக்காட்டக் ‘குறுங்காலப் பாக்டீரியக் கண்சவ்வழற்சி’ என்று எழுதலாமா? ‘குறுங்கால’ என்பதில் திடீரென்று தொடங்குவது விட்டுப்போகிறதே என்று ஐயா கேட்பார், அது எனக்கும் உறுத்துகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால், கையேடு அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்